யப்பானியப் பிள்ளைகளின் கறிச்சோறு



யப்பானில் ஒரு சிறு பிள்ளையிடம் "உனக்குப் பிடித்த சாப்பாடு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "கரே" என்ற பதில் வருவதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு. அந்தக் 'கரே' வேறொன்றுமில்லை, எங்கள் கறிதான். ஆனால் நேராக எங்களிடமிருந்து போகவில்லை. நீண்ட தூரம் சுற்றிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. போன வழியில் உறைப்பை இழந்து, கடைசியில் பிள்ளைகளின் உணவாகிவிட்டது. "அம்மா, எரியுது" என்று தட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் எங்களிடையே நிறைய இருப்பதால், இந்தக் கதையை இம்மாதம் எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சங்க நூல்களில் 'கறி' என்றால் மிளகு. பின்னாளில் சோற்றோடு சேர்த்து உண்ணும் பதார்த்தத்துக்கும் அதே பெயர் வந்தது. இன்று தமிழ்நாட்டில் கறி என்றால் பெரும்பாலும் இறைச்சி. ஈழத்தவருக்கோ கத்தரிக்காயும் கறி, மீனும் கறி. ஐரோப்பியர் தென்னிந்தியக் கரைகளில் கேட்ட சொல் இது. பெரும்பாலான ஆங்கில அகராதிகள் இதற்குத் தமிழையே மூலமாகக் காட்டுகின்றன. 1747இல் இலண்டனில் வெளியான ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூலில் கறி செய்யும் முறை வந்துவிட்டது. அதில் மிளகும் கொத்தமல்லியும் உண்டு, மிளகாய் இல்லை. அதன்பின் ஆங்கிலேயர் தூளைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். கிராஸ் அண்ட் பிளாக்வெல் போத்தல் உலகெங்கும் போயிற்று.

யப்பான் தன் கதவுகளை மேற்குலகுக்குத் திறந்த காலம் அது. 1860இல் புக்குசாவா யுக்கிச்சி வெளியிட்ட சொற்தொகுதியில் 'கறி' என்ற சொல் இடம்பெற்றது. 1872இல் வந்த மேல்நாட்டுச் சமையல் நூலொன்றில் செய்முறையே கிடைக்கிறது. லீக்ஸ், இஞ்சி, உள்ளி ஆகியவற்றை வெண்ணெயில் வதக்கி, கோழி, இறால், மீன், சிப்பி, அத்துடன் தவளை (ஆம், தவளைதான்!) சேர்த்து வேகவைத்து, கறித்தூளும் கோதுமை மாவும் கரைத்து ஊற்றச் சொல்கிறது. கோதுமை மாவிட்டுத் தடிப்பாக்கும் இந்தப் பழக்கம் ஆங்கிலேயருடையது. ஆக, யப்பானியர் இதை இந்திய உணவாக அல்ல, மேல்நாட்டு உணவாகவே ஏற்றுக்கொண்டார்கள். இன்று அதில் தவறாமல் இருக்கும் உருளைக்கிழங்கு, கரட், வெங்காயம் மூன்றும் அந்த முதல் செய்முறையில் இல்லை.

அடுத்து இது கடற்படைக்குள் நுழைந்தது. அந்நாளில் வெள்ளை அரிசிச் சோற்றையே நம்பியிருந்த கடற்படையினர் பெரிபெரி நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். 1882இன் இறுதியில் புறப்பட்ட 'ரியூஜோ' என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேர் இருந்தார்கள். அவர்களில் 169 பேருக்கு நோய் கண்டது, 25 பேர் இறந்தார்கள். இலண்டனில் மருத்துவம் படித்துவந்த தக்காக்கி கனெஹிரோ, குறை சாப்பாட்டில்தான் என்று வாதாடினார். 1884இல் 'ட்சுக்குபா' என்ற கப்பலை அதே வழியில், இறைச்சியும் ரொட்டியும் கூடிய உணவோடு அனுப்பவைத்தார். அதில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. புரதக் குறைவே காரணம் என்று அவர் நினைத்தார். உண்மையில் குறைந்திருந்தது பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்ட உயிர்ச்சத்து பி1. காரணம் பிழைத்தாலும் மருந்து பலித்தது.

இறைச்சி, காய்கறி, மா எல்லாம் ஒரே சட்டியில் வேகும் கறி, சோற்றை விட மனமில்லாத மாலுமிகளுக்குப் பொருத்தமாக அமைந்தது. 1908இல் கடற்படை வெளியிட்ட சமையல் கையேட்டில் கறிச்சோறு இருக்கிறது. படையிலிருந்து விலகி ஊர் திரும்பியவர்களோடு அதன் சுவையும் ஊர்களுக்குப் போனது. இன்றைய யப்பானியக் கடற்படையினருக்கு வெள்ளிக்கிழமைகளில் கறிச்சோறுதான்.

1923இல் யமசாக்கி மினெஜிரோ உள்நாட்டிலேயே கறித்தூள் தயாரித்தார். 1927இல் டோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் உள்ள நக்கமுராயா கடையில் ஓர் உண்மையான இந்தியக் கறி விற்பனைக்கு வந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர், ஆங்கிலேயரிடமிருந்து தப்பி 1915இல் யப்பான் வந்து, அக்கடைக்காரர் குடும்பத்திலேயே பெண் எடுத்த ராஷ் பிஹாரி போஸ். மாவிட்ட கறியைக் கறியென்று அவர் ஒப்பவில்லை போலும். 1943இல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திரக் கழகத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தவரும் இவரே. மலாயாத் தோட்டத் தமிழர் பலர் அந்த அணியில் நின்றதை நேயர்கள் அறிவீர்கள்.

போருக்குப் பின், 1950களில், மாவும் கொழுப்பும் தூளும் சேர்த்து இறுக்கிய கட்டிகள் கடைக்கு வந்தன. சொக்கலேட் போல உடைத்துப் போட்டால் போதும். ஆனாலும் கறி பெரியவர்களின் உறைப்புச் சாப்பாடாகவே இருந்தது. 1963இல் ஹவுஸ் நிறுவனம் அப்பிளும் தேனும் சேர்த்த 'வெர்மொண்ட் கரே'யைக் கொண்டுவந்தது. பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட வேண்டும் என்பதே நோக்கம். அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்து மருத்துவர் ஒருவரின் நாட்டு வைத்திய நூலால் அப்பிள் வினாகிரியும் தேனும் அந்நாளில் பெயர் பெற்றிருந்தன. அதுதான் பெயர்க் காரணம். எங்கள் சொல், ஆங்கிலேயர் தூள், அமெரிக்கப் பெயர், யப்பானியச் சோறு!

1976இல் பள்ளி மதிய உணவில் சோறு முறைப்படி சேர்க்கப்பட்டது. 1982 ஜனவரி 22 அன்று நாடெங்கும் பள்ளிகளில் கறிச்சோறு வழங்க ஏற்பாடானது. அந்த நாளே இன்று கறி நாள். பள்ளிப் பிள்ளைகள் முகாமுக்குப் போனால், தாங்களே விறகு மூட்டிச் சமைப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

இது பிள்ளைகளின் உணவானதற்கு உறைப்புக் குறைந்தது மட்டும் காரணமல்ல என்பது என் எண்ணம். அவர்களும் கைவைக்கக்கூடிய சமையல் இது. ஐந்து வயதுப் பிள்ளை வெங்காயத் தோலை உரிக்கும், கரட்டைக் கழுவும், கட்டியை உடைத்துத் தரும். வெட்டுவதும் வதக்குவதும் பெரியவர் வேலை. காய்கறி வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டே கட்டியைப் போட வேண்டும். கொதிக்கும் நீரில் போட்டால் வெளிப்புறம் மட்டும் இறுகித் திரளும். கரைந்தபின் மெல்லிய தீயில் பத்து நிமிடம் கிண்டினால் தடித்துவிடும்.

சைவ உணவுக்காரர் பெட்டியில் உள்ளதை வாசித்து வாங்குங்கள். பல கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்தது எதுவும் வேண்டாம். கட்டியே வேண்டாம் என்றால், வெண்ணெயில் கோதுமை மாவைப் பொன்னிறமாக வறுத்து, வீட்டுத் தூளில் ஒரு தேக்கரண்டி போட்டு, காய்கறி அவித்த நீரை விட்டுக் கரையுங்கள். பாதி அப்பிளைத் துருவிச் சேருங்கள். பிள்ளைக்கு எடுத்துவைத்தபின் மிச்சத்தில் உங்கள் பங்குக்கு மிளகாய்த்தூளைத் தூவிக்கொள்ளலாம். யப்பானிலும் மேசையில் அதற்கென்று உறைப்புத்தூள் போத்தல் வைக்கும் வீடுகள் உண்டு.