84 நாள்: ஒரு சிகிச்சைக் கணக்கின் வரலாறு

பூனைகளுக்கு வரும் தொற்று வயிற்றுறை அழற்சிக்கு எத்தனை நாள் மருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டால், சில ஆண்டுகளுக்கு முன்புவரை எங்கும் ஒரே விடைதான் கிடைத்தது: 84. இந்த எண் நோயின் இயல்பிலிருந்து பிறந்ததன்று; ஓர் ஆய்வுத் திட்டத்திலிருந்து வந்து, சட்டத்தின் கெடுபிடியால் இறுகிப்போனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் போக்கை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 1963இல் பாஸ்டன் நகரக் கால்நடை மருத்துவர் ஜீன் ஹோல்ஸ்வொர்த் இதை விவரித்தார். இதன் மூலமான பூனைக் கொரோனா வைரஸ் அரிய கிருமியன்று. பல பூனைகள் ஒன்றாக வாழும் வீடுகளிலும் காப்பகங்களிலும் மலம் வழியாக, பெரும்பாலும் பொதுவான மணல் தட்டு வழியாக, எளிதில் பரவும். தொற்றிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு லேசான வயிற்றுப்போக்கோடு சரி. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. ஒரு சிறு பங்குப் பூனைகளின் உடலுக்குள் வைரஸ் திரிபடைகிறது. குடலணுக்களில் வாழ்ந்த அது, கிருமிகளை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடிபுகுந்து, அவற்றின் மீதேறி உடல் முழுதும் செல்கிறது. இரத்தக் குழாய்கள் அழற்சியுறுகின்றன. வயிற்றிலோ மார்பிலோ வைக்கோல் நிறத்தில் புரதம் செறிந்த நீர் கோத்துக்கொள்கிறது. நீர் கோக்காத வடிவமும் உண்டு. அது கண்ணையும் மூளையையும் தாக்கும்போது கண்டறிவதே கடினம். ஆக, தொற்றுவது ஒன்று, கொல்வது மற்றொன்று. சிகிச்சை இல்லாதவரை இந்நோய் வந்த பூனை பெரும்பாலும் சில வாரங்களில் இறந்துவிடும்.

இந்த நிலையை மாற்றியது ஜி.எஸ்-441524 என்ற மூலக்கூறு. வைரஸ் தன் ஆர்.என்.ஏவைப் படியெடுக்கும்போது போலி எழுத்தாக உள்ளே நுழைந்து படியெடுப்பைக் குலைப்பது இது. கோவிட் காலத்தில் பெயர் பெற்ற ரெம்டெசிவிர் உடலுக்குள் சென்றபின் இதுவாகவே மாறுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கையாக நோயுற்ற 31 பூனைகளுக்கு 12 வாரமோ அதற்கு மேலோ ஊசி போடப்பட்டது. 84 நாள் என்பது இந்த 12 வாரமே.

அந்த ஆய்வை மீண்டும் படிப்பவருக்கு வேறொன்று கண்ணில் படும். ஐந்து பூனைகள் தொடக்கத்திலேயே இறந்தன, அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. 12 வாரத்தை முடித்த 26இல் எட்டுக்கு நோய் திரும்பியது. அவற்றில் ஐந்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராமாக இருந்த மருந்து 4 ஆக உயர்த்தப்பட்டது; ஐந்தும் தேறின. பழைய அளவிலேயே மறுமுறை மருந்து பெற்ற மூன்றுக்கும் நோய் மீண்டும் வந்தது; ஒன்று பிழைக்கவில்லை, மற்ற இரண்டும் உயர்ந்த அளவில்தான் குணமாயின. ஆக, தீர்மானித்தது மருந்தின் அளவு. ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது நாள்களின் எண்ணிக்கையை.

ஏன்? மருந்தின் உரிமை கிலியட் நிறுவனத்திடம் இருந்தது. விலங்குகளுக்கு உரிமம் வழங்க அது முன்வரவில்லை. சீனாவிலிருந்து கள்ளச் சந்தைச் சரக்கு வந்தது. பூனை வளர்ப்போர் சமூக ஊடகக் குழுக்களில் கூடி, குப்பியை வரவழைத்து, ஊசி போடக் கற்றுக்கொண்டு தாமே சிகிச்சை செய்தார்கள். குப்பிக்குள் சீட்டில் குறித்த அளவுதான் இருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது. அளவை நம்ப முடியாத இடத்தில் நாளையாவது நம்பலாம் அல்லவா? நம் நாட்டு மருத்துவத்தில் ‘ஒரு மண்டலம்’ மருந்து சாப்பிடுவதைப் போல 84 நாளும் ஒரு விரதமாயிற்று. அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. மருத்துவர் பலர் சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தபோது ஆயிரக்கணக்கான பூனைகளைக் காத்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் சட்டத்துக்கு வெளியே நடக்கும் சிகிச்சையில் இரு குழுக்களை எதிரெதிரே வைத்து ஒப்பிட முடியாது. எண் பிழையானால் திருத்த ஆளில்லை.

சட்டம் தளர்ந்த பிறகே அத்தகைய ஒப்பீடு நடந்தது. 2021இல் பிரிட்டனில் ரெம்டெசிவிரும் பின்னர் வாய்வழி மருந்தும் முறைப்படி கிடைத்தன. அமெரிக்காவில் 2024இல் மருந்தகங்கள் தாமே தயாரித்துத் தர வழி பிறந்தது. அதே 2024இல் மியூனிக் ஆய்வாளர்கள் நீர் கோத்த 40 பூனைகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாகப் பிரித்து, ஒன்றுக்கு 42 நாளும் மற்றொன்றுக்கு 84 நாளும் வாய்வழி மருந்து கொடுத்தார்கள். பலன் சமமாகவே இருந்தது.

இதைக் கொண்டு எல்லாப் பூனைக்கும் பாதியாகக் குறைத்துவிடலாம் என்று சொல்ல நான் வரவில்லை. 40 என்பது சிறிய எண். நீர் கோத்த வடிவத்துக்கே அம்முடிவு பொருந்தும். மூளைக்குள் மருந்து குறைவாகவே நுழைவதால் அங்கே அளவு கூட வேண்டும், எச்சரிக்கையும் கூட வேண்டும். என் கருத்து இதுதான்: மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை நாள்காட்டியிடம் விடாமல் பூனையிடம் கேட்க வேண்டும். எடை, உடல் வெப்பம், அல்புமின்–குளோபுலின் விகிதம், அழற்சியைக் காட்டும் ஆல்பா-1 அமில கிளைக்கோபுரதம், வயிற்று ஸ்கேன் ஆகியவை கால்நடை மருத்துவருக்குக் கைக்கெட்டிய சான்றுகள்.

பணக்கார நாட்டு வீட்டுப்பூனைக்கு 42 நாள் மிச்சம் என்பது ஓரளவு செலவுக் குறைப்பு, அவ்வளவே. சைப்ரஸில் கணக்கு வேறு. 2023இல் அங்கே நாய்க் கொரோனா வைரஸின் முள்புரத மரபணுவைக் கவர்ந்த புதிய கலப்பு வைரஸ் தோன்றி, கொல்லும் நோயே பூனைக்குப் பூனை நேராகப் பரவியது. மேலே சொன்ன ‘தொற்றுவது ஒன்று, கொல்வது மற்றொன்று’ என்ற வேறுபாடு அத்தீவில் அழிந்தது. கோவிட் நோயாளிகளுக்காக வாங்கி எஞ்சியிருந்த மோல்னுபிராவிர் மாத்திரைகளைப் பூனைகளுக்குத் தர அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு இசைந்தது. மோல்னுபிராவிர் வேறு மருந்து, அந்த வைரஸும் வேறு வகை. மியூனிக் முடிவை அப்படியே அங்கே கொண்டுபோய்ப் பொருத்த முடியாது. ஆனால் எண்ணித் தரவேண்டிய மாத்திரைக் கையிருப்பின் முன் நிற்கும் மருத்துவருக்கு, சிகிச்சைக் காலம் பாதியாவது என்றால் வாசலில் காத்திருக்கும் இன்னொரு பூனைக்கும் மருந்து உண்டு என்று பொருள்.