கணேஷ், வசந்த், ஸ்ரீரங்கத்துக் கொல்லைப்பக்கம்

'கொலையுதிர் காலம்' படித்த ராத்திரி, ஸ்ரீரங்கம் வீட்டில் கொல்லைப்பக்கம் போக எனக்குத் தைரியம் வரலை. வயசு பதிமூணு. பாட்டியை எழுப்பினேன்.

இப்போ பார்த்தால் அது அசல் கோதிக் கதை: பங்களா, சொத்துக்கு வாரிசான லீனா, நடமாடும் பேய். பயமுறுத்திவிட்டுக் கடைசியில் காரணம் சொல்லும் வித்தையை ஆன் ராட்கிளிஃப் 1794-லேயே 'மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ'வில் செய்துவிட்டார். 'நார்தாங்கர் அபே'யில் ஜேன் ஆஸ்டின் அதைக் கிண்டலடித்தார். சுஜாதா 1981-ல் குமுதம் தொடரில் பயம், கிண்டல் ரெண்டையும் சேர்த்தார். கணேஷ் காரணம் தேடுவான். பேயை நம்புகிற வசந்தே ஜோக்கும் அடிப்பான். பயந்தவனே சிரிக்க வைத்ததால்தான் நான் புத்தகத்தை மூடலை.

விளக்கம், (படிக்காதவர்கள் மன்னிக்க) ஹோலோகிராம். திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் இயற்பியல் படித்தவராச்சே!

அது தெரிந்த மறுநாளும் பாட்டிதான் துணைக்கு வந்தாள்.