தோற்றவர் அச்சேற்றிய ஆட்டம்

லண்டன் ஹைட் பார்க்கிலே கண்ணாடி மாளிகை எழுப்பி, உலகத்துக் கைத்தொழில்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்து காட்டிய 1851-ஆம் வருஷத்து மாபெரும் பொருட்காட்சியை ஒட்டி, அந்நாளைய ஆங்கிலச் சதுரங்க உலகின் தலைமகனாக விளங்கிய ஹோவர்ட் ஸ்டான்டன் முன்னின்று, பல தேசத்து வல்லுநர் பதினாறு பேரைக் கூட்டி, முதல் சர்வதேசச் சதுரங்கப் பந்தயத்தை நடத்தினார். காய் நகர்த்துவதற்குக் கால வரம்பென்று ஒன்று ஏற்படாத காலம் அது; எலிஜா வில்லியம்ஸ் என்பவர் ஒவ்வொரு காய்க்கும் யோசித்த யோசனை ஸ்டான்டனுடைய பொறுமையைச் சூறையாடிற்று. இவ்வளவு சிரமப்பட்டு ஆடிய பந்தய ஆட்டங்களை இன்று ஆராய்ச்சியாளரன்றி வேறு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஜூன் 21-ஆம் தேதி, பரிசு யாதொன்றும் இன்றி வெறும் பொழுதுபோக்காக இருவர் ஆடிய ஓர் ஆட்டமே நிலைத்து நின்றது.

வெள்ளைக் காய்களை ஆடியவர் ப்ரெஸ்லௌ நகரத்துக் கணித உபாத்தியாயர் அடால்ஃப் ஆண்டர்சன். அந்தப் பந்தயத்தின் முதற் பரிசைப் பெற்றவரும் அவரே. எதிரே அமர்ந்தவர் லயனல் கீஸெரிட்ஸ்கி. டோர்பாட்டில் பிறந்து, கணிதம் போதித்து, பின்பு பாரிஸில் குடியேறி, ‘கஃபே டி லா ரெஜான்ஸ்’ என்னும் புகழ்பெற்ற காப்பிக் கடையில் சதுரங்கம் கற்பித்து ஜீவனம் செய்தவர். பந்தயத்தின் முதற் சுற்றிலேயே ஆண்டர்சனிடம் தோற்று விலகியவர்.

அக்காலத்து ரசனையில் தற்காப்பு என்பது ஏறக்குறையக் கோழைத்தனத்திற்கு அடுத்த வீடு. தியாகமாக நீட்டிய காயை மறுத்து ஒதுங்குவதைச் சபை விரும்பவில்லை. வெள்ளை இரண்டாம் நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைப் பலியாக வைக்க, கறுப்பு அதை ஏற்றுக்கொண்டு, சிறிதும் தாமதியாமல் தன் ராணியை ஓரத்திற்கு ஓட்டி ராஜாவுக்கு முற்றுகை சொல்லிற்று. அடுத்தபடி தானும் ஒரு சிப்பாயைத் தியாகம் செய்தது. ஆக, தாக்குதலில் மோகம் கொண்டவர் ஆண்டர்சன் ஒருவரே என்று எண்ணுவது பிசகு. கீஸெரிட்ஸ்கியும் அதே மதத்தைச் சார்ந்தவர்தாம்.

பதினோராம் நகர்த்தலில் ஆண்டர்சன், தம் மந்திரி வெட்டுப்பட நிற்பதைப் பொருட்படுத்தாமல், யானையை நகர்த்தி எதிரியின் ராணியைத் துரத்தத் தொடங்கினார். மந்திரியைக் கறுப்புச் சிப்பாய் விழுங்கிற்று; கறுப்பு ராணிக்கோ தங்க இடமில்லை; அவளுக்கு வழி விடுவதற்காக, வெளியே வந்திருந்த ஒரே குதிரையும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிப் போயிற்று. பதினான்கு நகர்த்தல் ஆகியும் கறுப்புச் சேனையில் ராணி ஒருத்தியைத் தவிர வேறு பெருங்காய் எதுவும் தன் வரிசையை விட்டு வெளியே நிற்கவில்லை என்பதை ஊன்றிப் பார்த்தால், பின்னால் நேர்ந்ததெல்லாம் மாயமல்ல, நியாயமே என்பது விளங்கும்.

அதன் பின் ஆண்டர்சன் இரண்டு யானைகளையும் எதிரிக்கு விட்டுக் கொடுத்தார். ஒன்றைக் கறுப்பு மந்திரி தின்று முடித்த வேளையில், தாம் இழந்ததை மீட்க யாதொரு முயற்சியும் செய்யாமல், நடுவிலிருந்த சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் முன்னே தள்ளினார். இந்த ஆட்டம் முழுவதிலும் என் மனத்தைக் கொள்ளை கொள்வது அந்தச் சிறு நகர்த்தலே. தூரத்திலிருந்து தன் ராஜாவின் பக்கத்தைக் காத்துக்கொண்டிருந்த கறுப்பு ராணியின் பார்வையை அது குறுக்கே நின்று மறைத்துவிட்டது. அவள் மற்ற யானையையும் வெட்டி முற்றுகை சொன்னாள். வெள்ளை ராஜா ஓரடி எடுத்து வைத்தார். பின்பு வெள்ளைக் குதிரை பாய்ந்து முற்றுகையிட்டது. கறுப்பு ராஜா பக்கத்துக் கட்டத்திற்கு விலகினார். உடனே வெள்ளை தன் ராணியையும் பலியிட்டது. அவளை வெட்டியே தீரவேண்டியிருந்த குதிரை தன் காவலை விட்டு அகன்றதும், அது காத்திருந்த கட்டத்திலே மந்திரி வந்து அமர, இருபத்து மூன்றாம் நகர்த்தலில் ராஜா மடிந்தார். அத்தருணத்தில் கறுப்பு இழந்திருந்தது மூன்று சிப்பாய்கள் மாத்திரமே. வெள்ளையிடம் எஞ்சிய பெருங்காய்களோ ஒரு மந்திரியும் இரண்டு குதிரைகளும். பொக்கிஷம் அத்தனையும் பத்திரமாக இருக்க, வாசற் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமற் போன வீட்டின் கதை!

மந்திரி ஒன்றை எதிரியின் வாசல் வரை கொண்டு நிறுத்திய பதினெட்டாம் நகர்த்தல் சிறந்ததல்ல என்றும், அந்த இடத்தில் கறுப்பு முதலில் மூலையிலிருந்த யானையை வெட்டியிருந்தால் போராட இடமிருந்தது என்றும் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையே. ஆனால் பிழையற்ற இருவர் ஆடியிருந்தால் இந்த ஆட்டமே பிறந்திராது. பாதிப் புகழ் பேராசையோடு வெட்டிக்கொண்டே போனவருக்கும் உரியது. அதைக் கீஸெரிட்ஸ்கி உணர்ந்திருக்க வேண்டும். பாரிஸில் தாம் நடத்திய ‘லா ரெஜான்ஸ்’ என்னும் பத்திரிகையில் அதே ஜூலையில் தமது தோல்வியைத் தாமே வெளியிட்டார். 1855-இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஃபால்க்பியர் அதற்கு ‘அமர ஆட்டம்’ என்று நாமகரணம் செய்தபோது கீஸெரிட்ஸ்கி உயிரோடு இல்லை. 1853-ஆம் வருஷத்திலேயே பாரிஸில் காலமாகிவிட்டார்.

ஆண்டர்சனோ நீண்ட காலம் ஆடினார். 1858-இல் பள்ளி விடுமுறையில் பாரிஸ் சென்று அமெரிக்க இளைஞர் பால் மார்ஃபியிடமும், 1866-இல் லண்டனில் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸிடமும் தோற்றார். பின்னவர் நாளடைவில், அநுகூலங்களைச் சிறுகச் சிறுகச் சேர்த்த பின்னரே தாக்குதல் தகும் என்னும் சித்தாந்தத்தை நிலைநாட்டினார். ஆனாலும் 1870-இல், பிரெஞ்சு ஜெர்மானிய யுத்தம் மூண்டிருந்த கோடையில், பாடன்-பாடனில் நடந்த பந்தயத்தில் ஸ்டைனிட்ஸை இரண்டாமிடத்துக்குத் தள்ளி முதற்பரிசு பெற்றவர், ஐம்பத்திரண்டு வயதான அந்தப் பழைய உபாத்தியாயர்தான்.