வன்னி: உயிர், சூழல் பற்றிய அறிவியற் கருத்துகளின் வரலாறு

இலங்கையின் வட மாகாணத்தில் ஆனையிறவுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களாக விரிந்துள்ள வன்னிப் பெருநிலம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு முதலியவை கோடையில் மணற்படுகையாகிவிடும். ஆதலால் வயலும் ஊரும் குளத்தை நம்பியவை. இந்நிலத்தின் உயிர்களையும் சூழலையும் பற்றி மருத்துவர், நிருவாகி, பறவை ஆய்வாளர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், வரலாற்றாசிரியர் எனப் பல துறையினர் எழுதியுள்ளனர். துறை எதுவாயினும் பெரும்பாலோர் சுற்றிவந்தது ஒரே கேள்வியை: குளங்கள் நிறைந்த நாட்டில் குடிகள் ஏன் அருகிப்போயினர்? வன்னியின் சூழலியற் சிந்தனை பெரிதும் இக்கேள்விக்குக் காலந்தோறும் சொல்லப்பட்ட விடைகளின் வரலாறே.

பழைய அறிவு

உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும் தொல்காப்பிய மரபியலும், நிலத்தையும் பொழுதையும் உயிரினங்களையும் ஒருங்கே வைத்துக் காணும் திணைக் கோட்பாடும் தமிழர் அனைவருக்கும் பொதுவான உடைமை. மரபியல் பிற்காலச் சேர்க்கை என்று கருதுவோரும் உளர். யாழ்ப்பாண அரசர் காலத்தனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் வழங்கிய வட்டாரத்துக்குள் வன்னியும் அடங்கும். விசகடி வைத்தியம் பரம்பரையாகக் கைமாறி வந்தது. அதன் ஏடுகளில் எத்தனை எஞ்சின என்பதற்குக் கணக்கில்லை.

வன்னிக்கே உரிய அறிவு எழுத்தில் இருந்ததைவிடத் தொழிலில் இருந்தது. குளத்தின் உறுப்புகளுக்குக் கமக்காரரிடம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நீர் வந்து சேரும் மேற்பக்கம் அலைகரை. நீரைத் திறந்துவிடும் மதகு துருசு. மிகைநீர் வழிவது வான். அலைகரை மரங்களை வெட்டினால் குளம் மண்மூடும் என்பது பிற்காலப் பொறியியலாளர் அறிக்கையில் ஏறுவதற்கு முன்பே ஊரில் வழங்கிய கருத்து. பயிருக்குப் பகையான உயிர்களைப் பாடிய பன்றிப் பள்ளும் குருவிப் பள்ளும் வன்னி நாட்டார் பாடல்களில் இடம்பெறுகின்றன. பூச்சிகொல்லி வருவதற்கு முந்திய காலத்தில் மனிதர் தம் போட்டியாளரை எப்படி நோக்கினர் என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று அரிது.

காட்டைப் பற்றிய அறிவும் அத்தகையதே. பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகியவற்றை மரத்தின் தோலைக் கொத்திப் பார்த்தே பிரித்தறிவோர் இன்றும் உள்ளனர். கோடையில் பழுக்கும் பாலைப்பழம் உதட்டில் பால் ஒட்டும் இனிப்புடையது. கரடிக்கும் அது விருப்பமான பழம். பழக்காலத்தில் எந்தப் பாலையடிக்குத் தனியே போகக்கூடாது என்பது காட்டோர ஊர்ப் பிள்ளைகள் முதலில் கற்கும் உயிரியற் பாடங்களுள் ஒன்று.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலம்

இக்காலப் பதிவுகளில் வன்னி யானை தரும் நாடாகவே தோன்றுகிறது. வன்னியின் குறுநிலத் தலைவரான வன்னியர் திறையாக யானைகளைச் செலுத்தினர். அவை ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, உயரத்தை முழக்கணக்கில் அளந்து இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. யானையின் நடை, வழி, கூட்ட இயல்பு பற்றிய நுண்ணறிவு யானை பிடிக்கும் பணிக்கரிடம் இருந்தது. வடக்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த இவர்களைப் பற்றிப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வியந்து எழுதினார். கண்டியிலிருந்து 1679இல் தப்பி மன்னார்க் கரையிலுள்ள அரிப்பை அடைந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் வன்னியின் தென்மேற்கு ஓரக் காடுகளைக் கண்டவர். அவரது நூல் 1681இல் வெளிவந்தது. ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவர் போல் ஹேர்மன் திரட்டிய தாவரங்களைக் கொண்டு லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். ஹேர்மனின் சேகரிப்பு பெரிதும் கொழும்பு வட்டாரத்தது. அந்நூல் வன்னியைத் தொடவில்லை என்றே சொல்லலாம்.

நோயும் குளமும்: 1856 முதல் 1910 வரை

மிகுதியான ஆவணங்கள் இக்காலத்துக்கே உள்ளன. பிரித்தானிய ஆட்சியாளர் வன்னியில் கண்டது உடைந்த குளங்களையும் மெலிந்த குடிகளையும். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் குளத் திருத்தத்துக்கும் ஊர் வழமைகளுக்கும் சட்ட வடிவம் கொடுத்தது. 1860களின் இறுதியில் அரச வைத்தியர் லூஸ் வன்னியின் குடியழிவு பற்றித் தனி அறிக்கை எழுதினார். ஒரு நிலப்பரப்பின் மக்கள்தொகைச் சரிவை மருத்துவச் சிக்கலாக எடுத்துக்கொண்ட அவ்வறிக்கை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று.

அக்கால மருத்துவக் கொள்கையில் நோய் இடத்திலிருந்து எழுவது. தேங்கிய நீர், அழுகும் இலை, கெட்ட காற்று, போதாத உணவு ஆகியவை உடலைக் கெடுக்கும் என்று நம்பினர். காய்ச்சலோடு சேர்த்து அதிகாரிகள் அஞ்சியது பரங்கி நோய். தோலையும் எலும்பையும் அரித்து ஆளை முடமாக்கும் இந்நோய் வன்னியிலும் அதன் தெற்கேயுள்ள நுவரகலாவியாவிலும் மிகுந்திருந்தது. குடிமை மருத்துவத் தலைவர் கின்சி 1881இல் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டார். பரங்கி மேகநோயின் ஒரு வடிவமா, மேற்கிந்தியத் தீவுகளில் கண்ட யோஸ் நோயா என்ற விவாதம் இலண்டன் மருத்துவர்களையும் இழுத்தது. ஜொனதன் ஹட்சின்சன் மேகநோய்க் கட்சியில் நின்றார். காரணம் எதுவாயினும், குளத்தைத் திருத்தி நல்ல நீரும் நெல்லும் கொடுத்தால் நோய் விலகும் என்ற எண்ணம் நிருவாகத்தில் வலுப்பெற்றது. 1872 முதல் 1877 வரை ஆளுநராயிருந்த வில்லியம் கிறெகரி உலர் வலயக் குளங்களுக்குப் பணம் ஒதுக்கியபோது பரங்கி நோயும் ஒரு நியாயமாகக் காட்டப்பட்டது.

1905இல் கொழும்பில் மருத்துவர் அல்டோ கஸ்ரெலானி பரங்கிப் புண்ணில் சுருளி வடிவ நுண்ணங்கியைக் கண்டார். நோய் தொடுகையால், சிறப்பாகக் குழந்தைகளிடையே, பரவுவது தெளிவாயிற்று. குளத்து நீர் குற்றமற்றதாயிற்று. பிழையான கொள்கை ஒன்று குளங்களைத் திருத்த உதவியது என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண்களில் ஒன்று. திருத்தமும் கொள்கை மாறியதால் நின்றுவிடவில்லை: கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளம் 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் எழுந்தது.

இக்காலத்தின் முதன்மை நூல் குடிமை அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு. முல்லைத்தீவு, வவுனியா ஊர்களையும் குளங்களையும் பயிரையும் குடிகளையும் ஒருசேரத் தொகுத்த முதல் நூல் இது. ஆனால் இக்கட்டுரையின் தொகுப்பாளர் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பது லூயிஸின் அதற்கு முந்திய சிறு கட்டுரையை. சூடு மிதிக்கும் களத்தில் கமக்காரர் பேசும் தனி மொழியைப் பற்றி அரச ஆசியக் கழகத்தின் இதழில் 1880களில் அவர் எழுதினார். களத்தில் அன்றாடச் சொற்கள் பல விலக்கப்படும்; நெல் பெருகவேண்டி எல்லாம் மங்கலச் சொல்லால், பொலி என்பதைப் போல, குறிக்கப்படும். நெல்லைச் செவியுள்ள உயிராக மதித்த ஒரு பார்வையை வரி வசூலிக்கும் அலுவலர் பொறுமையாகக் குறித்து வைத்தார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய சமகாலத்தவர் பலர்.

காட்டைப் பற்றிய கருத்து வேறு திசையில் சென்றது. வன அதிகாரி வின்சென்ற் 1882இல் தயாரித்த காட்டு நிருவாக அறிக்கை சேனைப் பயிர்ச்செய்கையைக் காட்டின் பெருங்கேடாகக் கண்டது. 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு வெட்டி, எரித்து, ஓரிரு போகம் விதைத்து, பல ஆண்டு விட்டுவைக்கும் முறை மண்ணை மீளவிடுமா கெடுக்குமா என்பது சேனைக்கு இடையே விடும் ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று பின்வந்தோர் வாதிட்டனர். இணக்கம் இன்னும் ஏற்படவில்லை. 1905இல் யாழ்ப்பாணம் வரை புகையிரதப் பாதை திறந்தபின் முதிரையும் பாலையும் வெளியே போவது எளிதாயிற்று.

பறவைகளைப் பொறுத்தவரை, வடக்கில் பணியாற்றிய எட்கர் லேயாட் 1853, 1854ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட குறிப்புகளும், திருகோணமலைப் பீரங்கிப் படையில் இருந்த வின்சென்ற் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட பெருநூலும் வன்னிக் காடுகளையும் கடல்நீரேரிகளையும் அடிக்கடி சுட்டுகின்றன. சுண்டிக்குளம் கடல்நீரேரிக்கு வரும் பூநாரைகள் இலங்கையில் எங்கேனும் கூடு கட்டினவா என்பது அக்காலத்திலிருந்து தொடரும் ஐயம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1857 முதல் தமிழில் வெளியிட்ட உடலியல், மருத்துவ நூல்களும், அவர் தமிழில் பயிற்றிய மருத்துவர்களும் இப்புதிய அறிவைத் தமிழ்ப்படுத்திய முதல் வாயில்கள்.

நுளம்பு

றொனல்ட் ரோஸ் 1897இல் மலேரியாவை நுளம்போடு இணைத்தார். இலங்கையில் நோயைப் பரப்பும் முதன்மை இனம் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்பதை 1920களில் பூச்சியியலாளர் கார்ட்டரின் ஆய்வுகள் நிறுவின. இந்நுளம்பு சேற்றுக் குளத்தைவிட, ஓட்டம் நின்ற ஆற்றுப் படுகையின் தெளிந்த மணற்குட்டைகளில் முட்டையிடும். 1934, 1935ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளை நோய், வறட்சியால் ஆறுகள் வற்றிய ஈர, இடை வலயங்களையே கடுமையாகத் தாக்கியது. நோய்க்குப் பழகிய உலர் வலயக் குடிகளிடம் ஓரளவு எதிர்ப்பு இருந்தது என்பது அப்போது தரப்பட்ட விளக்கம்.

1946 முதல் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதும் பதிவானவர் 17 பேர் மட்டுமே. தெளிப்பைத் தளர்த்தியதும் 1960களின் இறுதியில் நோய் பேரலையாகத் திரும்பியது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குடியேற்றத் திட்டங்கள் காய்ச்சல் தணிந்த இந்த இடைவெளியில் எழுந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

காரணமா விளைவா

பண்டைய உலர் வலய நாகரிகம் 13ஆம் நூற்றாண்டளவில் ஏன் தளர்ந்தது என்ற விவாதத்திலும் நுளம்பு புகுந்தது. மருத்துவர் லூசியஸ் நிக்கல்ஸ் 1921இல் மலேரியாவே நகரங்களைக் கைவிடச் செய்தது என்றார். புவியியலாளர் றோட்ஸ் மர்பி 1957இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், படையெடுப்பால் குளங்கள் உடைந்தமையே முதற்காரணம், நோய் அதன் பின்னே வந்தது என்ற எண்ணம் வலுத்தது. இவ்வாதங்களை வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1971இல் ஒரு தொகுப்பாக்கினார். மலேரியா, படையெடுப்பு, மண், ஆட்சிச் சிதைவு ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்வோர் இன்று குறைவு.

இதனோடு பிணைந்த மற்றொரு வினா வன்னிக் காட்டின் வயது. அணைக்கட்டுகளின்மேல் பெருமரங்கள் நிற்பதைக் கண்ட வனவியலாளர் பலர், இக்காடு ஆதிக்காடன்று, கைவிட்ட வயலின்மேல் மீண்டெழுந்தது என்றனர். வேறு சிலர் எல்லாப் பகுதிக்கும் அது பொருந்தாது என்பர். நிலமோ அதைவிட மிகப் பழையது: கற்கருவிகள் கிடைக்கும் செம்மணல், பரல் அடுக்குகளுக்குத் தொல்லியலாளர் இட்ட பெயர் இரணைமடுப் படிவு. குளங்களின் அமைப்பைப் பொறுத்தவரை, சிறு குளங்கள் ஒன்றின் வழிநீரை மற்றது ஏற்கும் தொடராக அமைந்தவை என்பதைப் புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் கோட்பாடாக வகுத்தார்.

புதிய உயிர்கள்

குளங்களுக்கு 1952இல் திலாப்பியா மீன் வந்தது. 1939இல் கொழும்பில் பாடம் நடத்தக் கொண்டுவந்த சல்வீனியா என்ற நீர்க்களை நாடெங்கும் நீர்நிலைகளை மூடியது. 1980களில் அவுஸ்திரேலியாவிலிருந்து வருவித்த கூன்வண்டு அதைப் பல இடங்களில் கட்டுப்படுத்தியது. பார்த்தீனியம் என்ற களை 1999இல் வவுனியாவில் முதலிற் பதிவாயிற்று. 1987இல் வந்த இந்தியப் படையினரின் உணவுக்கான ஆடுகளோடு விதை வந்தது என்பர். இறக்குமதி விதைகளோடு வந்தது என்றும் ஒரு கருத்து உண்டு.

போர்க்காலமும் பின்னரும்

உள்நாட்டுப் போர் நடந்த 1983 முதல் 2009 வரை வன்னியில் களஆய்வு அருகிவிட்டது. 1980 முதல் வெளிவந்த இலங்கைத் தாவரக் கையேட்டின் திருத்திய தொகுதிகள் வடக்கைப் பொறுத்துப் பழைய மாதிரிகளையே பெரிதும் நம்பின. மலேரியாத் தடுப்புப் பணி மட்டும் போரிட்ட இரு தரப்பும் இடங்கொடுத்தமையால் பெரும்பாலும் தொடர்ந்தது.

சுண்டிக்குளம் 1938 முதலும் கொக்கிளாய் 1951 முதலும் சரணாலயங்கள். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. போருக்குப் பின் வனத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் இட்ட எல்லைகளை மீளக் குடியேறியோர் பல ஊர்களில் மறுத்துள்ளனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இங்கு நடைபெறும் ஆய்வுகள் இன்னும் பெருநூலாகத் திரளவில்லை.

உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், வன்னிக்கு அடுத்த மன்னாரில், அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நகர நுளம்பு முதன்முறை பிடிபட்டது. இது ஆற்றுக் குட்டையைவிட ஊர்க் கிணற்றையும் நீர்த்தொட்டியையும் நாடும் இனம்.