புழுங்கல் அரிசியும் கால்பங்கு இரைப்பையும்

மருத்துவ வரலாற்றில் 1881 ஒரு விசித்திரமான ஆண்டு. அந்த ஜனவரியில் வியன்னாவில் தியோடோர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார். அந்தப் பெண் பிழைத்தார். நோய் பரவிச் சில மாதங்களில் இறந்தார் என்றாலும், இரைப்பையை வெட்டிய பிறகும் ஒரு மனிதர் சாப்பிடலாம், வாழலாம் என்பது அன்றைக்கு உறுதியானது. இன்று சென்னையில் நடக்கிற எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குக் கொள்ளுத்தாத்தா அந்த ஆபரேஷன்தான்.

அதே 1881இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவர் குடிநோயாளிகள். மூன்றாமவர் தையல் வேலை செய்த 20 வயதுப் பெண். கந்தக அமிலத்தைக் குடித்துப் பிழைத்தவர். ஆனால் அமிலம் பட்டு இரைப்பையின் கீழ்வாய் சுருங்கிப்போய்விட்டது. வாந்தி நிற்கவே இல்லை. சில வாரங்களில் கண்ணசைவு கெட்டது, நடை தள்ளாடியது, புத்தி குழம்பியது. மூவருமே இறந்தார்கள். மூளையில் சின்னச் சின்ன ரத்தக்கசிவுகளைப் பார்த்த வெர்னிக்கே, இது ஒருவகை மூளை அழற்சி என்று முடிவுக்கு வந்தார். குடிகாரர்களையும் அந்தப் பெண்ணையும் இணைத்தது எது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இந்த இரண்டு 1881களும் ஒரே உடம்பில் சந்தித்ததை நான் திருப்பாச்சூரில் பார்த்தேன். என் பெரியம்மா மகன். காக்களூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். 126 கிலோ, சர்க்கரை, ராத்திரி மூச்சடைப்பு. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ‘ஸ்லீவ்’ செய்துகொண்டார். சட்டைக்கை மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவிட்டு, இரைப்பையில் முக்கால்வாசிக்கு மேல் எடுத்துவிடுகிற சிகிச்சை. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மூன்றாவது வாரம் வாந்தி ஆரம்பித்தது. “ஆபரேஷன் பண்ணா அப்படித்தான் இருக்கும், போகப் போக சரியாயிடும்” என்று எல்லோரும் சொன்னோம். தெருமுனை கிளினிக்கில் வாரம் இரண்டு முறை குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்றிய அன்றைக்குக் கொஞ்சம் தெம்பாக இருப்பார்.

கம்பெனியில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். “எடைக்காக வயித்த அறுத்துக்கிட்டான்னு சிரிப்பானுங்கடா” என்றார் என்னிடம். எடை மளமளவென்று இறங்கியது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவர் வாயை இன்னும் கட்டிப்போட்டது. ஏழாவது வாரம் பாதம் மரத்தது. மாடிப்படி இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றார். பெரியம்மா பெயரைச் சொல்லத் தடுமாறினார்.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டரம்மா இரண்டே கேள்விகள் கேட்டார். “வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கா? வாந்தி எத்தனை நாளா?” பதிலைக் கேட்டதும், ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் தயமின் ஊசியை நரம்பில் போடச் சொன்னார். அதாவது வைட்டமின் பி1. இரண்டு நாளில் கண் நேரானது. கால் மரப்பு குறைய மாதக்கணக்கானது.

எங்களுக்கு இது எதிர்பாராத சிக்கல். மருத்துவத்துக்கு? அதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான், எடை குறைப்பு அறுவையின் வரலாறே அதன் சிக்கல்களின் வரலாறுதான் என்பது புரிந்தது.

1950களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், குடலின் பெரும்பகுதியை ஓரங்கட்டி உணவைக் குறுக்குவழியில் விடுகிற முறை ஆராயப்பட்டது. 1960களில் அது பரவியது. ஆறேழு மீட்டர் சிறுகுடலில் சுமார் 45 சென்டிமீட்டர் மட்டும் வேலை செய்யும்படி வைத்தார்கள். எடை இறங்கியது உண்மை. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, சிலருக்குக் கல்லீரலே செயலிழப்பது என்று வரிசையாக வந்தன. 1980 வாக்கில் அந்த முறையைக் கைவிட்டார்கள். செய்துகொண்ட பலருக்குத் திரும்ப வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பாதையை அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் கண்டார். அல்சருக்காக இரைப்பையின் பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்து, சக ஊழியர் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து 1966இல் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ முறையைத் தொடங்கினார். ஒரு நோயின் சிகிச்சையில் பக்கவிளைவாக இருந்தது, இன்னொரு நோய்க்குச் சிகிச்சையானது. 1987இல் ‘நியூராலஜி’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்ட 500 பேரில் 23 பேருக்கு நரம்பு, மூளைச் சிக்கல்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தது விடாத வாந்தி. வெர்னிக்கேயின் தையல்காரப் பெண் 106 ஆண்டுகள் கழித்து மறுபடியும் மருத்துவ ஏட்டில் வந்து நின்றாள்.

அவளுக்கு என்னதான் குறைந்தது? அந்தப் பதிலின் பாதி நம் சோற்றுப்பானையில் இருக்கிறது.

1890களில் ஜாவாவின் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, வலுவிழந்து, இதயம் வீங்கிச் சாகடிக்கும் நோய் அது. அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்கும் கால் விழுந்தது, பிறகு தானாகச் சரியானது. விசாரித்தால், இடையில் ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோறு சிவிலியன் கோழிகளுக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. 1926இல் அதே படேவியாவில், யான்சென், டோனாத் என்ற இருவர் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் அதன் அமைப்பைக் கண்டு செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் ஆர். வில்லியம்ஸ். தயமின் என்று பெயர் வைத்தவரும் அவரே. அமெரிக்க வேதியியலாளரான அவர் பிறந்தது 1886இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். கும்மிடிப்பூண்டியில் நின்றால் நெல்லூருக்குப் போகிற ரயில்கள் கடந்துபோவதைப் பார்க்கலாம்.

சென்னை மாகாணத்திலேயே ஒரு புதிர் இருந்தது. வடசர்க்கார் என்று அழைக்கப்பட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. தமிழ்ப் பகுதியிலும் மூன்று வேளையும் அரிசிதான், ஆனால் இங்கே அந்த நோய் பெரும்பாலும் இல்லை. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான். மெக்கரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டின் காலத்தில் அரிசி விரிவாக ஆராயப்பட்டது. வித்தியாசம் புழுக்குவதில் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. பச்சரிசியைப் பளபளவென்று தீட்டிச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது. புழுங்கல் சாப்பிட்டவர்கள், காரணம் தெரியாமலேயே தப்பித்தார்கள்.

நம் பாட்டிகள் பெரிபெரியைப் பார்க்காததற்கு அவித்த நெல் ஒரு காரணம். அந்த நோய் இப்போது ஆபரேஷன் தியேட்டர் வழியாக நம் ஊருக்குள் வந்திருக்கிறது. உடம்பு தயமினைச் சேமித்துவைப்பது மிகவும் குறைவு. கைக்கு வருவது அன்றன்றைக்குச் செலவாகிற தினக்கூலி மாதிரி. சாப்பாடு உள்ளே தங்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் இருப்பு தீர்ந்துவிடும். பி12 அப்படியில்லை. கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பு இருப்பதால் அதன் குறைபாடு மெதுவாகத்தான் தலைகாட்டும். ஸ்லீவ் செய்தவர் முதல் மாதங்களில் சாப்பிடுவதே சில ஸ்பூன்கள். அதுவும் வாந்தியில் போனால் கணக்கு எளிது.

குளுக்கோஸ் விஷயம் இங்கேதான் வருகிறது. உடம்பு குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்கத் தயமின் வேண்டும். தயமின் வறண்ட உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருக்கிற கொஞ்சமும் செலவாகி, மூளை பாதிப்பு முற்றலாம். அதனால்தான் குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவப் பாடம். “ரெண்டு பாட்டில் ஏத்துங்க டாக்டர்” என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்கிற ஊர் இது. தாமதமானால் வருவது கோர்சகோஃப் நிலை: புதிய நினைவுகள் பதியாது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு ஊசி போட்டாலும் நினைவு முழுதாகத் திரும்புவது அரிது.

2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் இறந்தார். அது செய்தியானது, அரசு விசாரித்தது. அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்து ஆறாவது வாரம் கால் மரத்துப்போகிறவர் செய்தியாவதில்லை. அவரே அதைச் சொல்வதில்லை. சொன்னால் “குறுக்குவழி தேடுனா இப்படித்தான்” என்பார்கள் என்ற பயம். இந்தச் சிகிச்சையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது, ராத்திரியில் மூச்சடைப்பு இல்லை. வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க என்பதை மட்டும் இப்போது வீடே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில், ஹாஸ்டலில், ஆபீஸில் யாராவது இந்த ஆபரேஷன் செய்திருக்கலாம். அவர் சில நாட்களுக்கு மேல் வாந்தி எடுத்தால், “சரியாயிடும்” என்று சொல்லாதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றைக்கே பேசச் சொல்லுங்கள். கண் இரண்டாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே வாசலிலேயே, இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி என்று முதலில் சொல்லுங்கள். அவர் வெட்கப்பட்டு மறைத்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.