அருங்காட்சியகம்: சொல்லும் கூடமும்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்றார்கள். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறும் பிள்ளைகளுமாகப் புறப்படும் குடும்பங்கள் முன்பெல்லாம் இரண்டு காலேஜையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பும். ஒன்றில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, மற்றொன்றில் உறுமும் புலி. செத்தது, உயிருள்ளது என்று பிரித்தது விளங்குகிறது. 'காலேஜ்' எங்கிருந்து வந்தது?

கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்க நிறுவப்பட்டது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. எல்லிஸ் துரையின் பெயரோடு சேர்த்து நாம் நினைக்கும் கல்லூரி அது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் அவர் எழுதியது அந்த வட்டாரத்தில் நடந்த மொழிப் பணியின் விளைவு. நுங்கம்பாக்கத்தில் அந்தக் கல்லூரி இருந்த கட்டடத்தில்தான் 1851இல் அருங்காட்சியகம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். 1854இல் கூடம் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தபோது, மக்கள் வாயில் பதிந்துவிட்ட 'காலேஜ்' என்ற பெயரும் கூடவே போனது. அடுத்த ஆண்டே பால்ஃபர் அங்கே உயிருள்ள விலங்குகளையும் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் பெருகியது. சில ஆண்டுகளில் விலங்குகள் மட்டும் பிரிந்து பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. ஒரு காலேஜ் இரண்டானது. 1985இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போனபின் அந்தச் சொல் மெல்ல வழக்கொழிந்தது. அதன் ஜோடியும் இன்று முதியவர்களின் பேச்சில்தான் கேட்கிறது.

படித்தவர்கள் இந்தப் பெயரைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். எனக்கு அதில் நல்ல கவனிப்பு தெரிகிறது. கூடத்துக்குள் இருந்தவை யாருடைய வாழ்விலிருந்தோ பிரிந்து வந்தவை. கிருஷ்ணைக் கரையின் அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள், நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகள், பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த புரூஸ் ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகள் என்று மாகாணத்தின் நான்கு மூலையிலிருந்தும் வந்து சேர்ந்தன. வந்த இடத்தில் அவற்றின் ஊர்ப்பேச்சு நின்றுபோனது. 'செத்த' என்ற அடைமொழி பாடம் செய்த மிருகங்களை மட்டும் குறித்ததாக நான் நினைக்கவில்லை.

இன்றைய சொல்லுக்கு வருவோம். அருமை, காட்சி, அகம் என்ற மூன்றும் புணர்ந்தது அருங்காட்சியகம். நூலகம், உணவகம், அலுவலகம் என்று சென்ற நூற்றாண்டில் வரிசையாக வந்த 'அகம்' குடும்பத்தில் இதுவும் ஒன்று. அருமை என்றால் எளிதில் கிடைக்காதது. விலைமதிப்பற்றது, கடினமானது என்ற பொருள்களும் அதற்கு உண்டு. ஆக, எங்கும் காண முடியாததைக் காட்டும் இல்லம் என்று இந்தச் சொல் உறுதி சொல்கிறது.

அக்கம்பக்கத்துச் சொற்களும் அந்த உறுதியைத்தான் தந்தன. இலங்கைத் தமிழர் 'நூதனசாலை' என்கிறார்கள். 1877இல் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலை இன்றும் அந்தப் பெயரோடுதான் நிற்கிறது. பழம்பொருள் இருக்கும் இடத்துக்குப் புதுமையைக் குறிக்கும் பெயரா என்று தமிழ்நாட்டுக்காரருக்குத் தோன்றும். நூதனம் என்பதற்கு இதுவரை கண்டிராத வியப்பு என்ற பொருளும் உண்டு என்று தெரிந்தால் சிக்கல் தீரும். மலையாளத்தில் 'காழ்ச்ச பங்களாவு', அதாவது காட்சி பங்களா. வடக்கே 'அஜாயப் கர்', அதிசய வீடு. கிரேக்கத்தில் மட்டும் வேர் வேறு: கலைத் தெய்வங்களின் இருப்பிடம் என்ற பொருளில் பிறந்து, அலெக்சாந்திரியாவின் அறிஞர் கூடத்துக்குப் பெயராகி, மெல்ல மெல்ல 'மியூசியம்' ஆனது. நம் பக்கத்துப் பெயர்கள் எல்லாம் வியப்பைப் பிடித்துக்கொண்டன. ஆட்சியாளர் கட்டிய கூடத்துக்குள் குடிமக்கள் வாய்பிளந்து நுழைந்த காலத்துக்கு அது பொருந்தியது. ஆனால் ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் சிறிய கூடத்துக்கு வியப்பு மட்டும் போதுமா? அங்கே வருகிறவர் தன் ஊர்ப் பொருளைத்தான் பார்க்க வருகிறார்.

இதற்கு விடை 'காட்சி' என்ற நடுச்சொல்லிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. அது மிகப் பழைய சொல்.

தொல்காப்பியம் புறத்திணையியலில் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். முதல் நிலையான காட்சி, மாண்ட வீரனுக்கு உரிய கல்லைத் தேடிக் காண்பது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்திலும் குன்றக்குரவையை அடுத்து வருவது காட்சிக் காதைதான். ஆயிரம் கற்களுக்கு நடுவே 'இதுதான்' என்று ஒன்றைத் தேர்வது காட்சி. தேர்பவர்கள் இறந்தவனோடு உறவுடையவர்கள். அந்தக் கல் அவர்களுக்கு வேறெந்தக் கல்லையும் போல இல்லாமல் போவது அந்தக் கணத்தில்தான். ஒரு வட்டார அருங்காட்சியகம் செய்ய வேண்டிய வேலையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் சொல் தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கூடி நின்று பார்த்துப் பேசும் இடமும் நமக்குப் புதிதில்லை. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறது. 'எழுத்துநிலை மண்டபம்' என்பது அதன் பெயர். அங்கே எழுத்து என்றால் ஓவியம். மதுரையிலிருந்து வந்தவர்கள் ஓவியங்களின் முன் நின்று, இவன் யார், இவள் யார் என்று கேட்கிறார்கள். இவன் காமன், இவள் இரதி, இவள் அகலிகை, கவுதமன் சினந்ததும் கல்லானாள் என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்கிறார்கள். நுழைவுச்சீட்டு இல்லை, வழிகாட்டி இல்லை. சனங்களே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள்.

அந்தப் பேச்சு எழ வேண்டுமென்றால் பார்க்கும் பொருளும் பார்ப்பவரும் ஏற்கெனவே அறிமுகமாகியிருக்க வேண்டும். புதுக்கோட்டையில் அது நடக்க வாய்ப்பு அதிகம். திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகம் 1910இல், சமஸ்தானக் காலத்தில் நிறுவப்பட்டது. சுற்றிலும் இருப்பவை சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர். சமஸ்தானத்துக்குச் சொந்த நாணயம் இருந்தது: ஒரு புறம் அமர்ந்த அம்மன், மறுபுறம் தெலுங்கில் 'விஜய'. சனங்கள் அதை 'அம்மன் காசு' என்றார்கள். நவராத்திரியில் அரிசியோடு தானமாகவும் கொடுக்கப்பட்டது. அந்த அம்மன் பிரகதாம்பாள், கூப்பிடு தூரத்தில் திருக்கோகர்ணம் கோயிலிலேயே இருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறிய செப்புக்காசு சென்னையிலோ லண்டனிலோ இருந்தால் நாணயவியல் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். இங்கே அதைப் பார்க்கும் பாட்டி, 'எங்க அப்பத்தா முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த காசு இது' என்று பேரனிடம் சொல்ல முடியும். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ஓர் அரசு மறைந்தபின் அதன் நினைவு தங்க ஒரு கூடு வேண்டியிருந்தது. அதற்கு முப்பத்தெட்டு ஆண்டு முன்பே கட்டிவைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

கூடு இல்லாத காலத்தில் என்ன ஆனது என்பதற்கும் அதே மண்ணில் சாட்சி உண்டு. 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. பல காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வேண்டுமென்றே போட்ட வெட்டு. அந்தக் காசுகளில் ஒரு பகுதி இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் வர அப்போது இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.

புதையல் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு சட்டப் பொருளும் உண்டு. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போதோ ஏரி தூர்வாரும்போதோ கடப்பாரை நங்கென்று மோதும். உள்ளே செப்புத் திருமேனிகள். வி.ஏ.ஓ. வருவார், தாசில்தார் வருவார். ஊரே திரண்டு மஞ்சள் நீர் ஊற்றி, மாலை போட்டு, சூடம் காட்டும். பிறகு அவை கருவூலம் வழியாக அருங்காட்சியகம் போகும். ஊராருக்கு அது சாமி. கோப்பில் அது புதையல். கூடத்தில் அரும்பொருள். மூன்று பெயரும் ஒரே திருமேனிக்குச் சில வாரங்களுக்குள் வந்துவிடுகின்றன. 'எங்க சாமியை எங்ககிட்டயே குடுங்க' என்று ஊர் கேட்பது நியாயம். கதவுக்குப் பூட்டுகூட இல்லாத கோயிலில் வைத்தால் களவு போகும் என்று அதிகாரி சொல்வதும் உண்மை. இந்த வழக்கை ஒரேயடியாகத் தீர்க்கும் விதி எதுவும் இல்லை. ஆனால் அருகில் உள்ள மாவட்டக் கூடத்தில் இருந்தால், ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வேண்டுதல் உள்ளவர்கள் அங்கேயும் செருப்பைக் கழற்றிக் கும்பிடுகிறார்கள். அதைத் தடுக்காத காவலாளிகள் நல்ல அருங்காட்சியகக்காரர்கள் என்பேன்.

இதனால்தான் பொருளின் கீழே இருக்கும் சின்ன அட்டையில் 'கிடைத்த இடம்' என்ற வரி எனக்கு மிக முக்கியம். காலம், உலோகம், உயரம் எல்லாம் ஆய்வாளருக்கு. ஊர்ப்பெயர் வருகிறவருக்கு. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வரும்போது கவனித்துப் பாருங்கள்: நூற்றாண்டை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், தங்கள் ஊர்ப் பெயரைக் கண்டால் நின்று கூட்டாளியைக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதச் செலவு அதிகம் ஆகாது.

அந்தந்த வட்டாரத்துக்கு ஒரு கூடம் என்ற எண்ணம் பால்ஃபருக்கே இருந்தது. 1850களின் நடுவில் கோயம்புத்தூர், கடலூர், உதகை, பெல்லாரி, மங்களூர், ராஜமுந்திரி ஆகிய ஊர்களில் உள்ளூர் அருங்காட்சியகங்கள் தொடங்கப்பட்டன. பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் மாவட்டக் கூடங்கள் மறுபடி பரவலாக வர நூறாண்டுக்கு மேல் பிடித்தது. அந்த இடைவெளியில் எத்தனையோ பொருள்கள் தம் ஊரைவிட்டு வெகுதூரம் போய்விட்டன. ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய ஜெர்மானியர் யாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு அங்கே தோண்டிய அலெக்சாண்டர் ரீ எடுத்தவை எழும்பூருக்குப் போயின. தாமிரபரணிக் கரையில் பறம்பு மட்டும் மிஞ்சியது.

இந்த இழப்பை உணர்ந்து பிறந்த சொல்லாகவே நான் 'அகழ்வைப்பக'த்தைப் படிக்கிறேன். மாநிலத் தொல்லியல் துறை தான் நடத்தும் கூடங்களுக்கு இந்தப் பெயரை வைத்தது. அகழ்ந்ததை வைக்கும் அகம். இதில் அருமையும் இல்லை, நூதனமும் இல்லை. 'வைப்பு' என்பதற்குச் சேமித்த செல்வம் என்பது பழம்பொருள். தேவாரத்தில் தனிப்பதிகம் இல்லாமல் வேறு ஊர்ப் பதிகத்தின் நடுவே பெயர் மட்டும் வந்த கோயில்களை வைப்புத்தலம் என்பார்கள். பெயராவது ஒரு பாட்டுக்குள் பத்திரமாக இருக்கட்டும் என்ற அக்கறை அந்தச் சொல்லில் உண்டு. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்தால் வைப்பு என்பது பொருந்தும். ஆநிரை மீட்டுச் செத்தவன், புலி குத்திச் செத்தவன் என்று சுற்றுவட்டார மனிதர்கள் வில்லும் வாளுமாக அங்கே நிற்கிறார்கள். காட்சியில் தொடங்கிய கற்கள் காட்சிக் கூடத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

எல்லாக் கல்லும் வரவேண்டியதில்லை. தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கல் படையல் ஏற்கின்றன. எடத்தனூரில் எசமானனோடு நின்று போராடிய கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் பெயர் உண்டு, அது ஊரிலேயே இருக்கிறது. கும்பிடும் கை இருக்கும்வரை கல்லை அசைக்காமல், படியெடுத்துப் படம் பிடித்துப் பதிப்பித்தால் போதும். 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' நூல் அப்படிப்பட்ட பணி. சேகரிப்பு என்பது கூடத்தை நிரப்புவது என்று எண்ணும் அதிகாரிகளுக்கு அந்த நூல் நல்ல பாடம்.

ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் மத்தியத் தொல்லியல் துறை தளத்திலேயே ஒரு கூடம் திறந்தது. அகழ்ந்த குழியின் மேல் கண்ணாடித் தளம். தாழிகளை இருந்த இடத்திலேயே, காலடிக்குக் கீழே பார்க்கலாம். அதற்குச் சில மாதம் முன்பு, மார்ச்சில், கீழடி அருங்காட்சியகம் திறந்திருந்தது. 1970களில் பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த பொருள்களைக் கண்ட உள்ளூர் வரலாற்று ஆசிரியர் ஒருவர் அப்போதே தொல்லியல் துறையினருக்குச் சொல்லியிருந்தார். 2014-15இல்தான் பள்ளிச்சந்தைத் திடல் தென்னந்தோப்பில் அகழாய்வு தொடங்கியது. கூடத்தில் ஆதன் என்று பெயர் கீறிய பானை ஓடு இருக்கிறது. தன் பாண்டத்தில் தன் பெயரை எழுதி வைத்த ஒருவர், அல்லது அவருக்காக எழுதிய ஒருவர். அரசரும் இல்லை, அரும்பொருளும் இல்லை. ஆனாலும் நுழைவுச்சீட்டுக்கு வரிசை நீளுகிறது. குழி தோண்டும் வேலைக்கு வந்த சுற்றுக் கிராமத்துப் பெண்களில் எவரேனும் பிள்ளையைக் கூட்டிவந்தால், இது எந்தக் குழியில், எந்த ஆழத்தில் வந்தது என்று கையால் காட்டிச் சொல்ல முடியும். எழுத்துநிலை மண்டபத்துப் பேச்சுதான் அது.

2025 ஜனவரியில் கீழடியில் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அகழாய்வுக் குழிகளையும் அவற்றின் செங்கல் கட்டுமானங்களையும் மூடாமல், கிடைத்த நிலையிலேயே காட்டுவது திட்டம். அகம் என்றால் உள், வீடு. அதன் முன்னால் இப்போது 'திறந்தவெளி' வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. இலக்கணக்காரர் முரண் என்று சொல்லக்கூடும். தென்னைக்கு நடுவே குழியோரம் நிற்கும் கீழடிக்காரர்களுக்கு அதில் முரண் எதுவும் தெரியாது. சுவர் இல்லாவிட்டாலும் அது அவர்கள் இடம்.