பூனைக்கு இடம் வீடே!

நடுவர் அவர்களே! பூனை வாழ வேண்டிய இடம் வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நடுவரையே மதில்மேல் பூனையாக உட்கார வைக்கிற தலைப்பு! (சிரிப்பு)

எதிரணி நண்பர் வரலாற்றைத் துணைக்கு அழைத்தார். ஆயிரக்கணக்கான வருஷமாக வெளியே திரிந்த பிராணியை இன்றைக்கு வந்து அடைக்கலாமா என்றார். நியாயமான கேள்விதாங்க. ஆனால் அது ஏன் வெளியே திரிந்தது? அதை அவர் சொல்லவில்லையே!

சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழமையான ஒரு கல்லறை. மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். அந்தத் தீவில் பூனையே கிடையாது. படகில் ஏற்றிக் கொண்டுபோனது. தானியம் இருந்த இடத்தில் எலி, எலி இருந்த இடத்தில் பூனை. வேலை வெளியே இருந்தது, அதனால் வெளியே இருந்தது.

இன்னொரு காரணம் உண்டு. மேடையில் சொல்லக் கூச்சம், ஆனாலும் சொல்கிறேன். உள்ளே அடைத்தால் அது 'போக' எங்கே போகும்? (சிரிப்பு) அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்று ஒருவர். 1947-இல் பக்கத்து வீட்டு அம்மா பூனைக்கு மண் கேட்டு வந்தார். இவரிடம் இருந்ததோ தொழிற்சாலையில் எண்ணெய் சிந்தினால் உறிஞ்சப் போடுகிற களிமண். கொடுத்தார். நாற்றம் போயிற்று, வீடெல்லாம் கால்தடமும் நின்றது. அதையே பையில் கட்டி விற்கத் தொடங்கினார். பூனையை நாள் முழுக்க வீட்டுக்குள் வைக்கிற வசதியே அதற்குப் பிறகுதான் பரவியது. அதுவரை பூனை வெளியே போனது சுதந்திரத்துக்காக இல்லை. நமக்கு வேறு வழி இல்லாததால்!

சரி, வெளியே போய் என்ன செய்தது? நியூசிலாந்தில் ஸ்டீபன்ஸ் என்று ஒரு குட்டித் தீவு. 1894-இல் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். ஆட்கள் வந்தார்கள், கூடவே பூனையும் வந்தது. அங்கே பறக்கத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு பறவை. பெருநிலத்தில் அந்த இனம் ஏற்கெனவே அழிந்துபோய், அந்தத் தீவில் மட்டும்தான் மிச்சம். பூனை அதைக் கவ்விக்கொண்டு வந்து போட்டது. லயால் என்ற விளக்குக் காவலர் எடுத்துப் பார்த்து, அறிஞர்களுக்கு அனுப்பினார். பறவைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெயர் வைத்த கொஞ்ச காலத்துக்குள் பறவை இல்லை! ஒரே பூனை தின்றுவிட்டது என்று கதை கட்டுவார்கள், அது சரியில்லை. பூனைகள் அங்கே பெருகிவிட்டன. பூனையைக் குறை சொல்லாதீர்கள், அதன் குணம் அது. கதவைத் திறந்துவிட்டது யார்?

அடைத்தால் பூனைக்குச் சிறை என்றார் அந்தத் தங்கை. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை உரிமையாளர் தம் இடத்துக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அங்கேயும் முற்றத்தில் வலையடித்துக் கூண்டு கட்டி, வெயில் காய விடலாம்மா. வெயிலும் கிடைக்கும், குருவியும் பிழைக்கும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். லயாலின் பறவை இன்று சில அருங்காட்சியகங்களில் பஞ்சடைத்த உடலாக இருக்கிறது. அவற்றில் பல, பூனை கொண்டுவந்து போட்டவைதாம். (கைதட்டல்)